கழுதைக் கல்யாணத்தில் இரண்டு கிட்டார்

மெல்லிசைக் குழுக்களில் புதிதாக கிட்டாரைத் தோளில் மாட்டியிருக்கும் பிள்ளைகளே, என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "ஐயா, உங்களுக்குப் பிடித்த கிட்டார் கலைஞர் யார்?" கேட்டுவிட்டு, நான் ஏதோ வெள்ளைக்காரப் பெயரைச் சொல்லப்போவதாக நிமிர்ந்து உட்காருகிறீர்கள். வெள்ளைக்காரப் பெயர் எனக்கும் நாலைந்து தெரியும். உச்சரிப்பு சரியில்லை என்பதால் வெளியே விடுவதில்லை.

எனக்குப் பிடித்தவர்களில் முதலாமவருக்குப் பெயரே கிடையாது. அந்தக் காலத்து இசைத்தட்டு உறையில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், கிட்டார் வாசித்தவர் பெயர் இருக்காது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காபி கிளப்பில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். அதில் அடிக்கடி ஒரு காதல் பாட்டு வரும். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் ஒரு கிட்டார். நாலே நாலு சுரம். கதவைத் திறந்து தலையை நீட்டி, 'ஓ, பேசிக்கிட்டிருக்கீகளா' என்று பார்த்துவிட்டு உடனே போய்விடுகிற விருந்தாளி மாதிரி. அதன் பிறகு பாட்டு முடிகிறவரை அந்த ஆள் வரவே மாட்டார். வருவார் வருவார் என்று நான் காபி குடித்துக்கொண்டே காத்திருந்ததில் எனக்கு வயிற்றுப் புண் வந்ததுதான் மிச்சம்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? நாலு சுரமே இவ்வளவு இனிக்கிறது என்றால் நாற்பது சுரம் வாசித்தால் பத்து மடங்கு இனிக்கும் என்பது. சிரிக்காதீர்கள். எங்களுடையது கடைக்காரக் குடும்பம். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். எதையும் எடை போட்டுப் பார்த்தே பழக்கம்.

இரண்டாமவரை மதுரையில் ஒரு ரயில்வேக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? அவருடைய இடது கை விரல்களைப் பார்ப்பதற்காக முன்கூட்டியே போய் இடம் பிடித்தேன். கச்சேரி தொடங்கியதும் எனக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தார். எல்லா அர்த்தத்திலும் பெரிய மனிதர். அவருடைய அக்குள் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது கிட்டார்காரரின் வலது கால் மட்டும். கச்சேரி முழுக்க அந்தக் காலைத்தான் பார்த்தேன். காதில் சுரங்கள் மழையாகக் கொட்டுகின்றன. கால் மட்டும் திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர் மாதிரி நிதானமாகத் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. கை எவ்வளவு ஓடினாலும் கால் நடந்துதான் போனது.

இதிலிருந்தும் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அடுத்த வாரமே மதுரைக்குப் போய் அதே மாதிரி ஷூ வாங்கினேன்.

இப்படி இரண்டு மேதைகளிடம் பாடம் கேட்டுத் தேறிய நான், அருப்புக்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் வாங்கிய பழைய கிட்டார். தோளில் மாட்டும் வார், கழித்துப் போட்ட விசைத்தறி பெல்ட். கம்பியை மீட்டும் சில்லு, சோப்பு டப்பா மூடியிலிருந்து வெட்டியது. ஊரில் எனக்கு 'தையல் மெஷின்' என்று பெயர். நிற்காமல் கடகடவென்று ஓடுவேன் என்பதால். அதைப் பாராட்டு என்று நினைத்து மேடையில் குனிந்து வணக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

குழுவில் இன்னொரு கிட்டார் இருந்தது. என் வயதுக்காரன். அவனை எல்லோரும் 'கொட்டாவி' என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையில் கொட்டாவி விடுவான். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே விடுவான். பாடுகிறவர் உயிரைக் கொடுத்து உச்சத்தைத் தொடுவார், இவன் வாயைத் திறந்து கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டு முடித்து, சாவகாசமாக 'டிங்' என்று ஒரு சுரம் போடுவான். அப்புறம் சும்மா இருப்பான். சோம்பேறி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

குழுவை நடத்தியவர் எங்கள் அண்ணாச்சி. பகலில் ஜவுளிக்கடை, சாயங்காலத்தில் அக்கார்டியன். ஒருநாள் எங்கள் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டு, ஒரு கல்யாணப் பட்டுச் சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"ஏலே, ரெண்டு கிட்டாரு நம்ம குழுவுக்கு ஆகாது. டாக்சியில எடமில்ல. அக்கார்டியன் ஏறுனா ஒரு ஆளு எறங்கணும்."

"அக்கார்டியன மடியில வச்சுக்கிறேன் அண்ணாச்சி," என்றேன் நான்.

"போன தடவை ஒன் மடியிலதான் இருந்துச்சு. நீ அதுலயும் வேகமா வாசிச்சுப் பாத்த. அடுத்த கல்யாணக் கச்சேரிக்கு ரெண்டு பேரும் வாங்க. எவன் கையி நல்லா கேக்குதோ அவன் இருப்பான். இன்னொருத்தன் வீட்டு வேலையப் பாக்கட்டும்."

எனக்கு வீட்டு வேலை என்றால் புண்ணாக்கு. அப்பா கடையில் எனக்காகவே ஒரு முக்காலியைத் துடைத்து வைத்திருந்தார். வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடையைத் தாண்டும்போது, "போயிட்டு வா. முக்காலி எங்கயும் போகாது" என்று மட்டும் சொல்வார். அந்த முக்காலி என் கனவில் வரும். மூன்று காலால் நடந்து வரும்.

ஆகவே அந்தக் கல்யாணக் கச்சேரி எனக்கு வாழ்வா சாவா என்றிருந்தது. என் கைதான் ஜெயிக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க வேகமாக வாசிக்கப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "தம்பி, எதையாவது தொலச்சிட்டியா? தேடுற மாதிரியே கேக்குது" என்றார்.

கல்யாணம் எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில். காலை முகூர்த்தம். டாக்சிக்குக் கட்டுபடியாகாத கச்சேரி என்பதால் விடிந்ததும் பஸ்ஸில் கிளம்பினோம். அண்ணாச்சி, நாங்கள் இருவர், ஒரு டோலக்குக்காரர். பாடுகிறவர் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பருத்திச் செடிகள் முழங்கால் உயரத்தில் வளர்ச்சியை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருந்தன. அந்த வருடம் வானம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"மாப்பிள்ளை என்ன பண்றாரு அண்ணாச்சி?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"லோடு எடுக்காரு."

"லாரி வச்சிருக்காரா?"

"வண்டியெல்லாம் இல்ல. சொந்த ஒழைப்பு."

"படிச்சவரா?"

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேப்பரக் கண்டா விட மாட்டாரு."

ஊருக்குப் போய் இறங்கினால் மாப்பிள்ளை எங்கள் கச்சேரி நோட்டீசைத் தின்றுகொண்டிருந்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, முதுகில் பட்டு வேட்டி, நாலு கால். அண்ணாச்சியின் பெயர் இருந்த பாதி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

"அண்ணாச்சி, இது கழுதை," என்றான் கொட்டாவி.

"மழைக் கல்யாணம்லே. ஊருக்காகச் செய்யிறது. புண்ணியம். சிரிச்சுராதீங்க, அடிச்சுருவாக."

மழை பொய்த்தால் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் கிட்டார் வைத்துச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. ஊர்த் தலைவர் எங்களுக்கு மோர் கொடுத்து விளக்கினார்.

"போன வருசம் நாதஸ்வரம் வச்சுப் பாத்தாச்சு தம்பி. ஒரு சொட்டு இல்ல. அதுக்கு முந்தி பேண்டு வாத்தியம். அப்பவும் இல்ல. எளவட்டங்க சொன்னாக, இந்த வருசம் கிட்டாரு வச்சுப் பாப்போம்னு. மேல இருக்கவரு எதுக்கு எறங்குவாருன்னு நமக்கென்ன தெரியும்?"

விஞ்ஞானிகள்கூட இந்த முறையில்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்த ஊர்க்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் இல்லை. கீழத்தெரு மாப்பிள்ளை வீடு, மேலத்தெரு பெண் வீடு என்று ஊரையே இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பிரித்தது முந்தின நாள்தான். அதற்குள் சம்பந்திச் சண்டை தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபியில் சீனி குறைவாம். பெண் வீட்டாரை யாரும் வாசலில் நின்று வாங்க என்று கேட்கவில்லையாம். பெண்ணுக்குத் தாயாராக ஓர் அம்மாள் பட்டுச் சேலையில் நின்றார். அவர் என்னையும் கொட்டாவியையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ரெண்டு கிட்டாரா? அப்ப மாப்ள வீட்டுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. சபையில எங்க பொண்ணு கொறஞ்சவளாத் தெரியக் கூடாது."

கொடுத்துவிட்டார்கள். நான் மாப்பிள்ளை வீட்டு கிட்டார். கொட்டாவி பெண் வீட்டு கிட்டார். ஒரு மாட்டு வண்டியில் பேட்டரி ஆம்ப்ளிஃபயரை ஏற்றி, மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, எங்களை ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்தார்கள். வண்டிக்கு முன்னால் மணமக்கள். ஊர் எல்லையிலிருந்து அம்மன் கோயில்வரை ஊர்வலம். பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும்.

தலைவர் வண்டியின் ஏர்க்காலில் ஏறி நின்று ஒரு நிபந்தனை போட்டார். "ஊர்வலம் கெளம்பிருச்சுன்னா, தாலி ஏறுற வரைக்கும் சத்தம் நிக்கக் கூடாது. நடுவுல நின்னா வானமும் பாதியில நின்னுரும். போன வருசம் நாதஸ்வரக்காரரு வெத்தல போட நிறுத்துனாரு. அதோட சரி."

தொடங்கினோம். டோலக்குக்காரர் முதல் தட்டுத் தட்டினார். மணப்பெண் பின்னங்காலால் ஓர் உதை விட்டது. டோலக்கு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தோல் வாத்தியம் வேண்டாம் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அண்ணாச்சி அக்கார்டியனைத் தோளில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். மணப்பெண் மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி அண்ணாச்சியையே பார்க்க ஆரம்பித்தது. கிட்டே வரவும் வந்தது.

"யோவ், அத மூடி வைய்யா!" என்றார் பெண் வீட்டம்மா. "பொண்ணு மனசு மாறுது. நல்ல நேரத்துல இதெல்லாம் வேணாம்."

அண்ணாச்சி அக்கார்டியனை மூடிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து நடந்தார். பாடுகிறவர் அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. யாருக்குக் கல்யாணம் என்ற சேதி அவருக்கு எப்படியோ எட்டிவிட்டது. ஆக, மிச்சமிருந்தது இரண்டு கிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். டோலக்கு இல்லை, பாட்டு இல்லை, அண்ணாச்சியே பின்னால் நின்று கேட்கிறார். கையைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

காட்டினேன். தையல் மெஷின் முழு வேகத்தில் ஓடியது. கீழத்தெரு இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். "எங்க மாப்ள வீட்டு கிட்டாரு பறக்குதுலே! ஒங்க ஆளு தூங்குறான்!" என்று மேலத்தெருக்காரர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். உண்மையில் கொட்டாவி அப்போது கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தான். ஷூவுக்குள் என் பாதம் வெந்துகொண்டிருந்தது. அதுகூடப் பெருமையாக இருந்தது.

ஊர்வலம் சாவடிப் பக்கம் வந்ததும் மாப்பிள்ளை நின்றார்.

சும்மா நின்றார். நாலு காலையும் பரப்பி, கரிசலில் நட்டு வைத்த கல் மாதிரி. மாப்பிள்ளை நின்றதும் பெண்ணும் நின்றது. வண்டி நின்றது. மாடுகள் ஊர் முழுக்கக் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைச் சாப்பிடத் தொடங்கின.

நாம் என்ன செய்வோம்? ரசிகர் அசையவில்லை என்றால் இன்னும் வேகமாக வாசிப்போம். வாசித்தேன். மாப்பிள்ளையின் இரண்டு காதுகளும் பின்னால் திரும்பி என் பக்கம் படிந்தன. எங்கள் ரசிகர்கள் இருவரும் முதுகைக் காட்டி நின்றதால் எனக்குத் தெரிந்தது காதும் வாலும் மட்டும்தான். காது நம் பக்கம் திரும்பினால் ரசிக்கிறார் என்று நினைத்து இன்னும் கூட்டினேன். காது இன்னும் படிந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெல்லம் காட்டினார்கள். தின்றார், நடக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளப் போனவர்களைப் பெண் வீட்டம்மா தடுத்தார். "மாப்ளையத் தள்ளிக் கொண்டாந்து கட்டி வச்சாகன்னு நாளைக்குப் பேச்சு வந்துரும்." மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "காபியில சீனி இல்லன்னு சொன்னேம்ல? அந்தக் கோவம்" என்றார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சத்தத்த விட்றாத தம்பி, ஒனக்குக் கோடிப் புண்ணியம்!"

எனக்கு விரல் நுனியெல்லாம் எரிந்தது. தெரிந்ததை எல்லாம் வாசித்து முடித்து, தெரியாததையும் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் முதல் கம்பி பட்டென்று அறுந்து, என் மூக்கில் ஒரு கோடு போட்டது. கை நின்றது.

அந்த நேரம் கொட்டாவி 'டிங்' என்று ஒரு சுரம் போட்டான். வழக்கம்போல அப்புறம் சும்மா இருந்தான். அந்த ஒற்றைச் சுரம் குழாய் ஸ்பீக்கர் வழியாக வெளியே போய், சாவடிச் சுவரில் பட்டு, வெயிலில் மெல்லக் கரைந்தது.

மாப்பிள்ளையின் ஒரு காது நிமிர்ந்தது. வலது முன்னங்கால் எழுந்தது. ஓரடி முன்னால் வைத்தார்.

"சத்தம் நிக்குது! சத்தம் நிக்குது!" என்று தலைவர் அலறினார். நான் பதறிப்போய் மிச்சமிருந்த ஐந்து கம்பியிலும் பாய்ந்தேன். மாப்பிள்ளை தூக்கிய இரண்டாவது காலை அப்படியே பழைய இடத்தில் வைத்துவிட்டார்.

வாசித்துக்கொண்டே கொட்டாவி பக்கம் சாய்ந்து, "பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்," என்றான். "நீ இப்பிடி ஓடுனா அவன் எங்குட்டு நடப்பான்? எடம் வேணாமா?"

"நீயும்தான் விட்டு விட்டு வாசிக்கிற. நான் நிறுத்துனா நடுவுல சத்தம் நின்னுருதுல்ல?"

"நிறுத்தாத. அடங்கு."

பிள்ளைகளே, தொழிலில் முடிவெடுக்க வேண்டிய நேரம் எப்போதும் சரியான இடத்தில் வருவதில்லை. எனக்கு ஒரு கழுதையின் வாலுக்குப் பின்னால் வந்தது. வேகமாக வாசித்தால் மாப்பிள்ளை நடக்க மாட்டார், முகூர்த்தம் தப்பும், அந்த ஊர் அடுத்த வருடம்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால் சத்தம் அறும், அதுவும் தோஷம். அடங்கி வாசித்தால் ஊர்வலம் நகரும். ஆனால் கேட்கப் போவது கொட்டாவியின் கை மட்டும். எவன் கை கேட்கிறதோ அவனுக்குத்தான் டாக்சியில் இடம் என்று சொன்ன அண்ணாச்சி வண்டிக்குப் பின்னால் நிற்கிறார். எனக்கு முன்னால் கழுதை, பின்னால் அண்ணாச்சி, அதற்கும் பின்னால் வெகு தூரத்தில் அந்த முக்காலி.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு முன்னங்காலை லேசாகத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கச்சேரி தொடங்கியதிலிருந்து அவர் எங்களுக்காக யோசித்துக்கொண்டிருக்கிறார், நாங்கள்தான் அவரை யோசிக்கவில்லை.

உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் மேல் வைத்து அமுக்கினேன். மதுரையில் பார்த்த அந்தக் காலை நினைத்துக்கொண்டு, தடித்த கம்பியில் மட்டும், தொம், தொம் என்று நடந்தேன். அறைக்குள் யாரோ வெறுங்காலில் நடப்பது போல. அதற்கு மேல் கொட்டாவி ஒரு சுரம் போட்டான். விட்டான். மாப்பிள்ளை ஓரடி வைத்தார். இன்னொரு சுரம். விட்டான். இன்னோரடி. பெண்ணும் கூடவே. வண்டிச் சக்கரம் கரக் என்று உருண்டது. மாடுகள் தோரணத்தை வாயில் தொங்கவிட்டபடியே நடந்தன.

மேலத்தெருக்காரர்கள் குலவை போட்டார்கள். கீழத்தெருவில் கலவரம்.

"ஏலே, ஏன்லே அடங்கிப் போற? பொண்ணு வீட்டுக்காரன் வாசிக்கான், நீ எலி பெறாண்டுற மாதிரி பெறாண்டுற! எங்க மானம் போகுதுல்ல!"

"ஒங்க மாப்ள நடக்காரு பாருங்க!" என்று கத்தினேன்.

"அவரு நடந்தா என்ன, நடக்காட்டி என்ன? நீ வேகமா அடிலே!"

ஊருக்கு மழை வேண்டும் என்பதே அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. சம்பந்திச் சண்டை என்றால் அப்படித்தான். ஒரு மண்ணாங்கட்டி வந்து என் கிட்டாரில் விழுந்தது. நான் கையைக் கூட்டவில்லை. கூட்ட ஆசையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயில்வரை வலது கையை நானே பிடித்து வைத்துக்கொண்டு வாசித்தேன் என்று சொன்னால் உங்களில் வாசிக்கிறவர்களுக்குப் புரியும்.

கொட்டாவியை அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்டேன். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து என்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்! அவன் ஒரு சுரத்தைப் போடுவதற்கு முன்னாலேயே அதற்கு இடத்தைத் துடைத்து வைக்கிறான். போட்ட பிறகு, அது முடிகிறவரை கூடவே போகிறான். முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறான். சில இடங்களில் சுரம் வர வேண்டும், எல்லோரும் எதிர்பார்க்கிறோம், அங்கே வேண்டுமென்றே போடாமல் விடுகிறான். போடாத அந்தச் சுரமும் கேட்கிறது. கழுதைக்கும் கேட்டது. ரேடியோவில் நாலு சுரம் வாசித்துவிட்டுப் போனாரே, பெயரில்லாத அந்த ஆள், அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று எனக்கு அந்த மாட்டு வண்டியில்தான் விளங்கியது.

பத்தரைக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மஞ்சள் கயிற்றைத் தலைவரே கட்டினார். கட்டியதும் மாப்பிள்ளை தலையை உயர்த்தி, உலகமே அதிரும்படி ஒரு தடவை கத்தினார். அதைவிட நல்ல சகுனம் இல்லை என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. எட்டத்தில் நின்ற அண்ணாச்சி, "சுருதி அரைக் கட்டை கூட" என்றார்.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் பாயசம் ஊற்ற மறுத்துவிட்டார்கள். நான் கட்சி மாறியவனாம். பெண் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு வாளியோடு வந்து, என் இலை கொள்ளாமல் ஊற்றினார். "எங்க மாப்ளைய நடக்க வச்ச புள்ள நீ. சாப்பிடு." அந்தப் பாயசம் எனக்கு இறங்கவில்லை. தொண்டைக்குள் முக்காலி இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணாச்சி அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானே ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, சொல்லிருங்க. அவன் கையிதான் கேட்டுச்சு. எனக்குத் தெரியும். நான் நாளைக்கே கடைக்குப் போறேன்."

"ஆமா, அவன் கையிதான் கேட்டுச்சு," என்றார். "ஒன் கையி கேக்கல."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ கேக்காம வாசிச்சதுனாலதான்லே அவன் கையி கேட்டுச்சு. ரெண்டு பேருல ஒருத்தன் எறங்குனாலும் கழுத நின்னுரும். ரெண்டு பேரும் இருங்க."

"டாக்சியில எடம்?"

அண்ணாச்சி மடியிலிருந்த அக்கார்டியனைப் பார்த்தார். "இது டிக்கியில வரட்டும். இதுனாலதான் இன்னைக்கு ஒரு குடும்பம் பிரியப் பாத்துச்சு."

கொட்டாவி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்பாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அப்ப ஒன்னய வச்சுக்கச் சொன்னது கழுததான்," என்றார். "நல்ல எடம். விட்றாத." அடுத்த வாரம் அந்த முக்காலியில் புண்ணாக்குச் சாக்கு ஏறியது.

மழை? பெய்தது. அந்த வாரமே பெய்தது, பாலவனத்தத்தில். ஒரு காசு செலவழிக்காத ஊரில், கண்மாய் நிறைய. கல்யாணம் நடந்த ஊரில் தூசியை நனைக்கக்கூட இல்லை. தலைவர் கொதித்துப்போய் ஜவுளிக்கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க ஆளுக வாசிச்சதுல கொற இல்ல. அந்தக் கொழா ஸ்பீக்கர எந்தப் பக்கம் பாத்துக் கட்டுனீக? நான் வண்டியில ஏறிப் பாத்துட்டேன். நேரா பாலவனத்தத்தப் பாத்து இருக்கு!"

அண்ணாச்சி அடுத்த கல்யாணத்தில் குழாயை மேலே பார்த்துக் கட்டுவதாக வாக்குக் கொடுத்து, ஒரு துண்டும் போர்த்தி அனுப்பினார். பிற்பாடு அந்த ஊரிலும் மழை பெய்தது. ஆனால் அது தங்கள் கல்யாணத்துக்குப் பெய்ததா, வேறு ஏதோ ஊர்க்காரன் குழாயைத் தப்பாகக் கட்டியதால் பெய்ததா என்பதில் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் கடைசிவரை உடன்பாடு வரவில்லை.

நானும் கொட்டாவியும் அதற்குப் பிறகு பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். எனக்குப் பழைய புத்தி வரும். கூட்டம் பெரிதாக இருந்தால், முன்வரிசையில் முக்கியஸ்தர் யாராவது இருந்தால், கை தானாகத் தையல் மெஷின் ஆகிவிடும். அப்போது கொட்டாவி திட்ட மாட்டான், கண்ணைக் காட்ட மாட்டான். மெல்ல என் பக்கம் சாய்ந்து ஒன்றே ஒன்று கேட்பான்:

"மாப்ள நடக்காரா?"

கையை அமுக்கிவிடுவேன்.

எனக்குப் பிடித்த கிட்டார் கலைஞன் அவன்தான். உங்களுக்கு அவனுடைய இசைத்தட்டு கிடைக்காது. ஆகவே அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் உங்கள் விரல் வேகமெடுத்து, உங்களுக்கே உங்கள் மேல் ஆசை வரும்போது, கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். பாடுகிறவரோ, பக்கத்தில் வாசிக்கிறவரோ, எதிரே நாற்காலியில் இருப்பவரோ, யாரோ ஒரு மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருப்பார். அவர் அந்தக் காலை முன்னால் வைக்கட்டும். இடம் விடுங்கள்.